விட்டு விலகுதலும் விட்டோடுதலும்



ஒருவர் தாம் பாடுபட்டுக் கற்ற தொழிலை, அதுவும் ஊரே வியந்து பார்க்கும் ஒரு தொழிலை, நடுவழியில் விட்டு விலகலாமா? அப்படி விலகினால் அதனைத் துணிவு என்பதா, நன்றிகேடு என்பதா, அல்லது வெறும் சலிப்பு என்று ஒதுக்கிவிடுவதா? கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆனால் எம்மவர் வீடொன்றின் கதவை இது தட்டுகின்ற நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. தாய் ஓர் அறையிலும் தந்தை ஓர் அறையிலும் பிள்ளை ஓர் அறையிலுமாக இருந்துவிடுகிறார்கள். ஆகவே இதனைச் சற்று ஆறுதலாக இருந்து சிந்தித்துப் பார்ப்பது பயனுடையது என எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எமது தொழில் கணக்கியல். ஊரிலே பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்றோம். அகதியாக இந்நாட்டுக்கு வந்து சில ஆண்டுகள் பண்டகசாலையில் பெட்டி அடுக்கினோம். மீண்டும் பரீட்சைகள் எழுதிப் பழைய தொழிலுக்குத் திரும்பினோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எமது தலைமுறையில் பெரும்பாலானோர் தொழிலை விட்டவர்கள் அல்லர், தொழிலால் விடப்பட்டவர்கள். ஆசிரியர், எழுதுவினைஞர், மருந்தாளர், பொறியியலாளர் என்று ஊரில் அழைக்கப்பட்டவர்கள் இங்கே வந்து இறங்கிய மறுவாரமே வேறு யாரோ ஆனார்கள். அப்படிப்பட்டவர்களின் பிள்ளை ஒருநாள் வந்து, "எனக்கு இந்த வேலை வேண்டாம்" என்று தானாகவே சொன்னால், அது எமது காதில் விழுகின்ற விதம் வேறு. எம்மிடமிருந்து பறிக்கப்பட்டதைப் பிள்ளை குப்பையில் போடுவதாகத் தோன்றுகிறது. இத்தோற்றம் சரிதானா என்பதே முதலில் ஆராய வேண்டியது.

ஒரு குடும்பத்தின் வழக்கு

இங்கே ஒக்லாந்தில் வளர்ந்த எம்மவர் இளைஞர் ஒருவர். முப்பது வயதைத் தொட்டவர். தொழில், விமானி. அவரும் பெற்றோரும் இசைந்தபடியால் பெயரோ அடையாளமோ இன்றி அவருடைய விடயத்தை எழுதுகிறோம்.

விமானியாவது எவ்வளவு நெடிய பாதை என்பது பலருக்குத் தெரியாது. இந்நாட்டில் வர்த்தக விமானி உரிமம் பெறவே பொதுவாக 200 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். பெரிய விமானத்தின் தலைமை விமானியாக அமர்வதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு கட்டித்தான் தொடக்கத்தில் பறக்க வேண்டும். மொத்தச் செலவு ஓர் இலட்சம் டொலரை எளிதில் தாண்டிவிடும். மாணவர் கடன் போதாமல் பெற்றோர் வீட்டுக் கடனை உயர்த்திக் காசு எடுத்தார்கள். தந்தை ரக்சி ஓடினார். தாய் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தார். பிள்ளை முதன்முதலில் சீருடை அணிந்த நாளில் எடுத்த படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சாமியறைக்கு அடுத்த சுவரில் இருக்கிறது.

பின்னர் 2020 மார்ச் மாதம் வந்தது. கொரோனாவினால் இந்நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன. உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. இங்கும் நூற்றுக்கணக்கான விமானிகள் வேலையிழந்தார்கள். எமது இளைஞரும் அவர்களுள் ஒருவர். சும்மா இருக்க விரும்பாமல் ஒரு பாடசாலையில் ஆசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே இருத்திச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. எல்லைகள் திறந்து 2022 இல் மீண்டும் விமானத்துக்கு அழைக்கப்பட்டார், போனார். ஆனால் மனம் வகுப்பறையிலேயே தங்கிவிட்டது. இப்போது ஆசிரியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கிறார்.

அவருடைய தாய் எம்மிடம் வந்து கேட்டது இதுதான்: "தம்பி, நீங்கள் கணக்குத் தெரிஞ்ச மனிசன். இவனுக்கு இதுவரைக்கும் எவ்வளவு காசு செலவழிச்சம் எண்டதை ஒருக்கால் வடிவாய் எழுதிக் குடுங்கோ. அதைப் பார்த்தாலாவது மனம் மாறுவான்."

தந்தை கேட்டது வேறு. "நான் இருபது வருசம் ரக்சி ஓடினது விருப்பத்திலயோ? விருப்பமான வேலைதான் செய்யவேணும் எண்டால் நாங்கள் எல்லாரும் பட்டினிதான் கிடந்திருப்பம்."

இந்த இரண்டு கூற்றுகளுக்குள்ளும் இக்கேள்வியின் முழுப் பாரமும் அடங்கிக் கிடக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

அழிந்த செலவும் தீராத கடனும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது எமது முன்னோர் வாக்கு. ஆனால் அளந்து போட்டதற்காக ஆறு அதைத் திருப்பித் தரப்போவதில்லை. கணக்கியல் படிக்கும் மாணவருக்கு முதலாண்டிலேயே ஒரு பாடம் கற்பிக்கப்படும். ஏற்கெனவே செலவழிந்து, எது செய்தாலும் திரும்பி வராத பணத்தை, இனிமேல் செய்யப்போவதைத் தீர்மானிக்கும் போது கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே அப்பாடம்.

ஊர் உதாரணம் ஒன்று சொன்னால் எளிதில் விளங்கும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் ஒருவர் பெருஞ்செலவில் கிணறு வெட்டுகிறார். சில காலம் நல்ல தண்ணீர் ஊறுகிறது. பின்னர் உவர் ஏறிவிடுகிறது. கிணறு வெட்டிய செலவை நினைத்து யாராவது அந்த உப்புத் தண்ணீரை வெங்காயத்துக்கு இறைப்பார்களா? இறைத்தால் கிணற்றுக் காசோடு பயிரும் போய்விடும். போன காசு பெரிதாக இருந்தது என்ற காரணத்தால் தண்ணீர் இனிக்காது. அந்தத் தாய் கேட்ட பட்டியலை நாம் எழுதிக் கொடுக்காததற்குக் காரணம் இதுவே. அப்பட்டியல் அவருடைய மகனைக் குற்றவுணர்வில் நிறுத்தும். ஆனால் அவர் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அதில் விடை இராது.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் அரைப் பாடமே சொன்னவர்களாவோம். கிணறு வெட்டுவதற்கு வாங்கிய கடன் இன்னும் இருந்தால்? கிணறு உவர்த்தாலும் கடன் உவர்க்காது. அது மாதாமாதம் வந்து நிற்கும். அழிந்த செலவு வேறு, தீராத கடன் வேறு. முன்னதை மறக்கலாம், மறக்கத்தான் வேண்டும். பின்னதை மறப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளை தொழிலை விட்டதனால் அறுபது வயதைத் தாண்டிய தந்தை மேலும் ஐந்து ஆண்டுகள் இரவில் வாகனம் ஓட நேருமானால், அந்த விலகலுக்கு விலை கொடுப்பவர் விலகியவர் அல்லர். தன் விடுதலைக்கான சீட்டை இன்னொருவரின் காசில் வாங்குவது அறமாகாது.

இங்கே இன்னொரு நுண்ணிய கேள்வியும் எழுகிறது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தது கடனா, கொடையா? வங்கியில் எடுத்த பணத்தைச் சொல்லவில்லை. இரவு வேலையை, விடுத்த ஆசைகளை, ஒத்திவைத்த வைத்தியத்தைச் சொல்கிறோம். கடன் என்றால் கொடுக்கும் போதே நிபந்தனையைச் சொல்லியிருக்க வேண்டும். "நீ விமானியாக இருக்கும் வரைக்கும்தான் இது உனக்கு" என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. அப்படியானால் அது கொடை. கொடையைப் பின்னர் கடனாக மாற்றி வட்டியோடு கேட்பது எந்தப் பேரேட்டிலும் இடமில்லாத பதிவு. பிள்ளை பெற்றோருக்கு நன்றியுடையவர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நன்றி என்பது ஒரு குறிப்பிட்ட உத்தியோகத்தில் சாகும்வரை இருப்பதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அன்று.

தந்தையின் கேள்வி

தந்தையின் கேள்வி தாயினுடையதைவிடக் கடினமானது. விருப்பமில்லாத வேலையை இருபது ஆண்டுகள் செய்தவருக்கு முன்னால் நின்று, "எனக்கு மனம் இல்லை" என்று சொல்வதற்குக் கூச்சம் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது. விருப்பம் ஒன்றே போதிய காரணம் அன்று. காலையில் எழுந்து போவதற்கு மனமில்லாத நாட்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. கோயிலில் அன்றாடம் பூசை செய்பவருக்கும் உண்டு.

எனினும் அந்தத் தந்தை ஏன் இருபது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்? தம் பிள்ளை அப்படிச் செய்ய நேரக்கூடாது என்பதற்காகத்தானே! அவர் தம் உழைப்பால் வாங்கிக் கொடுத்தது ஒரு விமானியின் சீருடையை மட்டுமன்று. தெரிவு செய்யும் உரிமையையும் சேர்த்தே வாங்கிக் கொடுத்தார். ஒருவேளை அவரே அறியாமல் கொடுத்திருக்கலாம். இப்போது பிள்ளை அந்த உரிமையைப் பயன்படுத்துவதைக் கண்டு தம் உழைப்பு வீணாயிற்று என அவர் எண்ணுகிறார். எமக்கோ அவருடைய உழைப்பு பலித்ததற்கு அதுவே சான்றாகத் தோன்றுகிறது.

பட்டிமன்றங்களின் பழைய வழக்கு

ஊரிலே கம்பராமாயணப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்குப் புதியதன்று. சிறந்தவன் கும்பகர்ணனா, விபீடணனா? அண்ணன் செய்வது தவறு என இருவருக்கும் தெரியும். ஒருவன் செஞ்சோற்றுக் கடன் என்று கூறித் தங்கிப் போரில் மடிந்தான். மற்றவன் அறத்தின் பக்கம் என்று கூறி விலகிப் போனான். நடுவர் எத்தனை முறை தீர்ப்புக் கூறினாலும் அடுத்த விழாவில் அதே வழக்கு மீண்டும் மேடை ஏறும். காரணம், இரு பக்கத்திலும் உண்மை உண்டு.

ஆனால் அந்த வாதப் பிரதிவாதங்களுக்கு நடுவே ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. தங்கியவனும் சரி, விலகியவனும் சரி, இருவரும் முதலில் வாய் திறந்து சொன்னார்கள். சீதையை விட்டுவிடு என்று இராவணனுக்கு முன்னாலேயே சொன்னார்கள். அதன் பின்னரே ஒருவன் தங்கினான், ஒருவன் பிரிந்தான். எதுவும் சொல்லாமல் தங்குபவன் கும்பகர்ணன் ஆகமாட்டான். எதுவும் சொல்லாமல் போகிறவன் விபீடணனும் ஆகமாட்டான்.

மணிவாசகப் பெருமானின் வரலாற்றையும் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. பாண்டியனின் அமைச்சர், குதிரை வாங்கக் கொண்டுபோன அரச பணத்தைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்டு, உத்தியோகத்தை மறந்து நின்றார். பக்தி உள்ளம் இதைக் கேட்டு உருகுகிறது, ஆனால் கணக்கர் உள்ளமோ "அது அரசன் காசு அல்லவா?" என்று கேட்கிறது. வியப்பு யாதெனில், அந்தக் கேள்வியைப் புராணமே கேட்கிறது. காசுக்குக் கணக்குக் கேட்கப்பட்டது. அடிகள் வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்தப்பட்டார். இறைவனே குதிரை கொண்டுவரவும் மண் சுமக்கவும் பிரம்படி படவும் நேர்ந்தது. துறவு எவ்வளவு உயர்ந்ததாயினும், பிறர் பணத்துக்கான கணக்கு எங்கேயோ, யாராலோ தீர்க்கப்பட்டாக வேண்டும் என்பதை எமது மரபு மறைக்கவில்லை.

இந்நகரத்து விமானி ஒருவர்

புராணத்திலிருந்து இறங்கி, நாம் வாழும் இந்நகரத்துக்கு வருவோம். எயார் நியூசிலாந்தின் விமானியாக இருந்த கப்டன் கோர்டன் வெட் என்பவரின் வரலாறு எம்மவர் பலருக்குத் தெரிந்திராது. அவசியம் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

1978 டிசெம்பரில், நத்தாருக்குச் சில நாட்கள் முன்னதாக, ஜே புரொக்னோ என்ற அமெரிக்கர் சிறிய செஸ்னா விமானமொன்றைத் தனியாக ஓட்டிக்கொண்டு பசிபிக் கடலின் மேல் நோர்போக் தீவை நோக்கிப் பறந்தார். திசைகாட்டும் கருவி பழுதாகி, கீழே கடலைத் தவிர வேறொன்றும் இன்றி வழி தவறினார். அவ்வேளையில் பிஜியிலிருந்து ஒக்லாந்துக்குப் பயணிகளுடன் வந்துகொண்டிருந்த டிசி-10 விமானத்தின் தலைமை விமானி வெட். அவர் தம் வழியை விட்டுத் திரும்பித் தேடப் போனார். இருவரும் சூரியனை நேர்முகமாக வைத்துத் திசையை ஒப்பிட்டார்கள். கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரற்கடை என எண்ணினார்கள். வானொலி கேட்கும் எல்லையைக் கொண்டு தூரத்தை மட்டிட்டார்கள். ஈற்றில் செஸ்னா 23 மணி நேரத்துக்கு மேலாக ஆகாயத்தில் இருந்தபின் நோர்போக் தீவில் பத்திரமாக இறங்கியது. தொழிலில் ஊன்றிய ஒருவர் அத்தொழிலைக் கொண்டு செய்யக்கூடிய நன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓராண்டு கழியவில்லை. 1979 நவம்பர் 28 ஆம் திகதி, ஒக்லாந்திலிருந்து அந்தாட்டிக்காவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட அதே நிறுவனத்தின் 901 ஆம் இலக்க டிசி-10 விமானம் எரெபஸ் மலையில் மோதியது. அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். 1980 இல் வெளிவந்த உத்தியோகபூர்வ விபத்து அறிக்கை, விமானத்தைச் செலுத்திய கப்டன் ஜிம் கொலின்ஸ் தாழப் பறந்ததே காரணம் என்றது. இறந்தவர் பதில் சொல்ல முடியாது.

வெட் இதை ஏற்கவில்லை. கொலின்ஸ் போன்ற ஒரு விமானி எதிரே மலை இருப்பதைக் கண்டும் போயிருக்க முடியாது என்ற எண்ணத்துடன் ஆராயத் தொடங்கினார். தெளிந்த காற்றிலும்கூட, மேலே வெண்மேகமும் கீழே வெண்பனியும் ஒன்றாகித் தெரிகையில், முன்னால் ஏறிச் செல்லும் மலைச்சரிவு சமவெளிபோல் தோன்றும் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். இந்தக் கண்மயக்கம் பற்றிய விளக்கத்தை, அரச விசாரணை ஆணையத்தை நடத்திய நீதியரசர் பீற்றர் மாஹன் ஏற்றுக்கொண்டார். பயணத்துக்கு முன்னைய இரவு, கணினியில் இருந்த வழித்தடத்தின் இறுதிப் புள்ளி சுமார் 27 கடல் மைல் மாற்றப்பட்டதும், அது விமானிகளுக்குச் சொல்லப்படாததுமே தலையாய காரணம் என 1981 இல் அவர் தீர்ப்பளித்தார்.

வெட் பேசியது தம் சொந்த நிறுவனத்தின் நிலைப்பாட்டுக்கு எதிராக. அதற்கான விலையையும் கொடுத்தார். அந்நிறுவனத்தில் அவருடைய பறப்பு வாழ்க்கை முடிவுக்கு வந்தது. நீதியரசர் மாஹனும் 1982 இல் நீதிபதிப் பதவியிலிருந்து விலகினார். நிறுவன அதிகாரிகள்மீது அவர் சுமத்திய சில குற்றச்சாட்டுகளுக்குப் பதிலளிக்க அவர்களுக்கு உரிய வாய்ப்பு அளிக்கப்படவில்லை என மேன்முறையீட்டு மன்றம் கண்டது. இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் 1983 இல் அந்நிலையையே உறுதிசெய்தது. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லப் போகிறவரும் எதிர்த்தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பது அதிலுள்ள பாடம்.

காலம் மெல்லத்தான் கணக்குத் தீர்த்தது. 2009 இல் விமான நிறுவனத்தின் தலைவர், விபத்தின் பின் குடும்பங்கள் நடத்தப்பட்ட முறைக்காக மன்னிப்புக் கேட்டார். விபத்தின் நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், 2019 நவம்பர் 28 அன்று, பிரதமர் ஜசிந்தா ஆர்டேர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மாஹன் 1986 இலும் வெட் 2015 இலும் காலமாகிவிட்டார்கள். அரசின் சொல்லைக் கேட்க இருவரும் இருக்கவில்லை.

இவ்வரலாற்றை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னோம்? வெட் தொழிலை வெறுத்து வெளியேறியவர் அல்லர். தொழிலின் உயிர் எதுவோ, அதாவது பயணியின் பாதுகாப்பும் சக விமானியின் மானமும், அதைக் காப்பதற்காகத் தொழிலின் உடலை இழந்தவர். சிலவேளைகளில் ஒரு தொழிலுக்கு உண்மையாக இருப்பதன் முடிவே அத்தொழிலை இழப்பதாக அமைந்துவிடுகிறது. "நல்ல வேலை, வாயை மூடிக்கொண்டு இரு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கமுடைய நாம் அதைச் சொல்லும் முன் இவரை ஒருமுறை நினைப்பது நல்லது.

இன்னும் இரண்டு விமானிகள்

விமானி உத்தியோகத்தை விட்டவர்களுள் உலகறிந்தவர் ராஜீவ் காந்தி. இந்தியன் எயார்லைன்ஸில் விமானியாக இருந்தவர். 1980 யூன் 23 இல் தம்பி சஞ்சய் சிறு விமான விபத்தில் இறந்தபின், தாய்க்குத் துணையாக அரசியலுக்கு வந்து 1981 இல் அமேதித் தொகுதியில் வென்றார். அவர் பெயர் எம்மவர் மனங்களில் எழுப்பும் நினைவுகள் பாரமானவை. 1987 தொடங்கி 1991 வரையான அந்த வரலாற்றை எடைபோட இக்கட்டுரை வரவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். விமானம் ஓட்டுவதற்கு உரிமமும், குறித்த மணி நேரப் பறப்பும், ஆண்டுதோறும் வைத்தியச் சான்றிதழும் கேட்கிறார்கள். ஒரு நாட்டை ஓட்டுவதற்கு இவற்றுள் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆகவே ஒன்றை விடுபவர், எதை விடுகிறோம் என்பதோடு, எங்கே போகிறோம், அதற்கு எம்மைத் தகுதியாக்கிக் கொண்டோமா என்பதையும் கேட்டாக வேண்டும். குடும்பத்தின் அழைப்பு மட்டும் அதற்குத் தகுதியாகாது.

மற்றொருவரின் கதை கொடியது. 2015 மார்ச் 24 இல் ஜேர்மன்விங்ஸ் விமானமொன்றைத் துணை விமானி பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதவிட்டார். 150 பேர் மாண்டனர். அவர் தம் மனநோயை நிறுவனத்துக்கு மறைத்திருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. மனநோய் உள்ளவர்கள் எல்லோரும் ஆபத்தானவர்கள் என்று எவரும் கொள்ளக்கூடாது. அப்படிக் கொள்வது பெரும் அநியாயம். இதில் நாம் காணும் பாடம் வேறு. ஒருவர் தம் நிலையை வெளியே சொல்ல முடியாமல், எப்படியாவது அந்த ஆசனத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எண்ணுகின்ற சூழலே ஆபத்தானது. "விட்டால் மானம் போகும்" என்று பிள்ளையை நெருக்கும் குடும்பமும் அச்சூழலின் ஒரு பகுதிதான். பிள்ளை எம்மிடம் வந்து "முடியவில்லை" என்று சொல்லக்கூடிய வீடாக எமது வீடு இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும் போது, தொழிலை விட எண்ணுபவர் தம்மையே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு என எமக்குத் தோன்றுகிறது. தெரிந்துசெயல்வகைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரும் துணிவதற்கு முன் எண்ணுவதையே வற்புறுத்தினார்.

முதலாவது: சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோமா? வேலையில் குறை இருப்பதால் விலகுகிறோம் என்றால், அக்குறையை உரியவரிடம் எடுத்துச் சொன்னோமா? சொல்லாமல் போனால் அதே குறை அடுத்தவர் தலையில் விழும்.

இரண்டாவது: எமது விலகலுக்கு விலை கொடுப்பவர் யார்? அது நாமேயானால் துணியலாம். வேறொருவரானால், அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும், அல்லது அந்தக் கடனைத் தீர்த்தபின் போக வேண்டும்.

மூன்றாவது: தங்குவதற்கு நாள்தோறும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதா? பிறர் உயிர் எமது கையில் இருக்கும் தொழிலில் இக்கேள்வி தலையாயது. அரை மனதோடு கணக்கெழுதினால் ஒரு கூட்டல் பிழைக்கும், மறுநாள் திருத்தலாம். அரை மனதோடு விமானத்தை இறக்க முடியாது.

நான்காவது: ஓடிப் போகிறோமா, ஒன்றை நோக்கிப் போகிறோமா? சலிப்பினால் விடுபவர் அடுத்த தொழிலையும் சலிப்பினால் விடுவார். தாம் செய்யப்போவது எதுவென்று கண்டு, அதிலுள்ள கஷ்டத்தையும் கண்டு, அதற்கு உழைக்க ஆயத்தமாக உள்ளவரின் விலகல் வேறு வகையானது.

அந்த இளைஞரிடம் இந்த நான்கையும் கேட்டோம். முதலாவதற்கு, நிறுவனத்தின் மேல் தமக்குக் குறை எதுவும் இல்லை என்றார். மூன்றாவதற்கு, பறக்கும் போது தாம் கவனம் தவறியதில்லை என்றும், ஆனால் அக்கவனத்தை இனி எத்தனை ஆண்டுகள் பிடித்து வைத்திருக்கலாம் என்று தம்மால் உறுதி கூற முடியாது என்றும் சொன்னார். நான்காவதற்கு, "மாமா, வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குப் பின்னம் விளங்கின நேரத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அதுக்குப் பிறகுதான் எனக்கு எங்கே போகவேணும் எண்டு தெரிந்தது" என்றார். இரண்டாவது கேள்விக்குத்தான் சற்று நேரம் மௌனமாக இருந்தார். வீட்டுக் கடனில் தம் படிப்புக்காக எடுத்த பங்கு இன்னும் மீதியிருப்பதை அவர் அறிவார். அது தீரும்வரை பறப்பதா, அல்லது குறைந்த சம்பளத்தில் ஆசிரியராக இருந்து நீண்டகாலம் கட்டுவதா என்பதை எண்களோடு எழுதிக் கொடுத்தோம். தாய் கேட்ட பட்டியலுக்குப் பதிலாக எமது கையால் எழுதப்பட்டது இதுவே. போன காசு அதில் ஒரு வரிகூட இல்லை. இனிச் செலுத்த வேண்டியது மட்டுமே இருந்தது.

அதைத் தாயும் தந்தையும் மகனும் ஒரே மேசையில் இருந்து படித்தார்கள். முடிவு அவர்களுடையது, அதை இங்கே எழுதுவது எமது வேலை அன்று.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எமது பயம் நியாயமானது. கையிலிருந்ததை எல்லாம் ஒரே இரவில் விட்டு வந்தவர்களுக்கு, கையில் உள்ளதை இறுகப் பிடிக்கத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பயம் எமது வாழ்க்கையிலிருந்து வந்தது. பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வந்ததன்று. அதை அவர்களுக்குச் சொல்லலாம். எமது கதையாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய விதியாகச் சொல்லக்கூடாது. கோயில் வாசலில் நின்று "உங்கட மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக ஒருவரின் நாற்பது ஆண்டுகளை அடகு வைக்க முடியாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிவு செய்யும் உரிமை இருக்கிறது. அது உங்கள் பெற்றோருக்கு இருக்கவில்லை. ஆகவே தெரிவு செய்யும் போது அவசரப்படாதீர்கள், ஒளிக்காதீர்கள். முடிவெடுத்துவிட்டு வந்து அறிவிப்பதைவிட, முடிவெடுக்கும் முன்பே வந்து கதையுங்கள். கடனைத் தீர்க்கும் வழியை நீங்களே முதலில் சொல்லுங்கள். பெற்றோர் வாயால் கேட்க வைக்காதீர்கள். சரியானதைச் செய்தால் உடனே பாராட்டுக் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கப்டன் வெட்டும் நீதியரசர் மாஹனும் நின்ற பக்கத்துக்கு அரசின் வாயிலிருந்து ஒரு சொல் வர நாற்பது ஆண்டுகள் சென்றன.

விட்டு விலகுபவரும் விட்டோடுபவரும் ஒரே கதவால்தான் வெளியேறுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிவர். விலகுபவர் கணக்கை முடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஓடுபவர் இம்மூன்றையும் பின்னால் நிற்பவர்களிடம் விட்டுவிட்டுப் போகிறார். இந்த வேறுபாட்டை எமது வீடுகளில் பொறுமையாகக் கதைத்து அறிந்துகொள்ள எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக.